ராகுகாலத்தில் கசந்த சாத்துக்குடி

தியாகராய நகர்,
திங்கட்கிழமை, 1977

என்றும் என் மரியாதைக்குரிய வைரவன் அத்தானுக்கு, மைத்துனன் கணேசமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. வீட்டிலும் ஜவுளிக்கடையிலும் எல்லோரும் சுகம். அக்காவின் முழங்கால் வலி தேவலையா? நிற்க.

தாங்கள் பார்த்துச் சொன்ன கோபாலபுரத்து வரன் நேற்று நம் தேவானையைப் பெண் பார்க்க வந்தது. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று தாங்கள் சொல்லியிருந்ததால் எனக்கு ஒரே படபடப்பு. கார் தெருமுனையில் தெரிந்ததுமே என் சம்சாரம் சரோஜா பாதிக் கூடை சாத்துக்குடியைப் பிழிந்து வைத்துவிட்டாள். கார் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் டிரைவர், "ராகுகாலம் முடியட்டும்னு உள்ளேயே குந்திக்கினு கீறாங்க சார்" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் விளக்கு வைக்கும்வரை அல்லவா! அவர்கள் காரில் வேர்க்க, நான் வாசலில் வேர்க்க, சாறு டம்ளரில் காத்துக் கிடந்தது.

ஒருவழியாக வந்தார்கள். மாப்பிள்ளை பஞ்சாட்சரம் முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "ரொம்ப இனிப்பா இருக்குங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர் தாயார் முத்துலட்சுமி அம்மாள் ஒரு மடக்குக் குடித்ததுமே முகம் சுளித்து, "என்ன இது, வேப்பங்காயா கசக்குது! சம்பந்தம் பிடிக்கலைன்னா வாயால சொல்லலாமே" என்றார். உடனே மாப்பிள்ளையும், "ஆமாம்மா, கசக்குது" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தலைகுனிந்து நிற்க வேண்டிய தேவானை நடுக்கூடத்துக்கே வந்துவிட்டாள் அத்தான். "பழத்துல கசப்பு இல்லைங்கம்மா. சுளையோட சவ்வுல கசக்காத ஒரு பொருள் இருக்கு. பிழிஞ்சதும் அது புளிப்போட சேர்ந்து மெள்ள மெள்ள லிமோனினா மாறும். அதுதான் கசக்குது" என்றாள். அம்மாள் விடுவாரா? "எங்க வீட்டு கமலா ஆரஞ்சு இப்படிக் கசக்கலியே?" என்றார். "அது வம்சத்தைப் பொறுத்ததும்மா. பம்பளிமாஸும் கமலாவும் கலந்து பிறந்த குலம்தான் சாத்துக்குடின்னு இப்ப ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. இனிப்பு கமலா பக்கம், கசப்பு பம்பளிமாஸ் போட்ட சீதனம்" என்று சொல்லிக்கொண்டே புதிதாக ஒரு பழம் பிழிந்து நீட்டினாள். அம்மாள் குடித்தார். இன்னொன்றும் கேட்டார். "இப்படி ஒரு புத்திசாலிப் பொண்ணை நான் பார்த்ததில்லை. வர்ற வெள்ளிக்கிழமையே நிச்சயம் பண்ணிடலாம்" என்றார்.

துணியைத் தொட்டே சாயம் போகுமா, போகாதா என்று சொல்பவன் என்று எனக்கு ஊரில் பெயர். பெற்ற பெண்ணின் அருமையை நேற்றுதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது அத்தான். ஆகவே தாங்களும் அக்காவும் வியாழக்கிழமையே ரயிலேறி வந்துவிட வேண்டியது. அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத
கணேசமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் தேவானை வாங்கிப் படித்தாள். நிச்சயம் வேண்டாமாம். "பையனுக்கு என்னம்மா குறை?" என்றேன். "சாறு ருசி மாற முக்கால் மணி நேரம் ஆச்சுப்பா. அவருக்கு அவங்க அம்மா சொன்ன ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு" என்கிறாள். முதல் தண்ணீரிலேயே சாயம் போகிற துணியை நானும்தான் கடையில் வைப்பதில்லை. ஆகவே நிச்சயத்துக்கு வர வேண்டாம். சும்மா வாருங்கள், வந்து உட்கார்ந்த பிறகு பழம் பிழிகிறோம்.