பதினோரு துவரங்காய்

வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் ஒரு பொய்கூட எழுதாதவர் யாராவது இருந்தால் அவரை நேரில் பார்த்துக் கும்பிட ஆசை. நான் அந்த ரகம் இல்லை. ஆனால் என் பொய் மிகச் சிறியது, ஒரே ஒரு வரி. மற்றவர்கள் அனுபவத்தில் இரண்டு வருடம் கூட்டிப் போடுவார்கள், வாங்காத விருதை வாங்கியதாகப் போடுவார்கள். நான் ஒரு மென்பொருள் நூலகத்தை நிறுவிப் பராமரித்ததாகப் போட்டேன். உண்மையில், சென்னையில் என் நண்பன் அதை நிறுவிக்கொண்டிருந்தபோது நான் பின்னால் நின்று டீ குடித்தேன். (அவன் டீயையும் சேர்த்துத்தான் குடித்தேன். அந்த அளவுக்குப் பங்களிப்பு உண்டு.)

அது இரண்டாயிரமாவது ஆண்டு. துப்பாக்கியோடு சிலர் ஃபிஜியின் தலைநகர் சுவாவில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, உள்ளே இருந்தவர்களைப் பிடித்து வைத்திருந்த சமயம். நானும் மாலதியும் விருதுநகரிலிருந்து ஃபிஜிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். கல்லூரி மூடிக் கிடந்தது. என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று கேட்கலாம் என்றால், கேட்கவேண்டிய அதிகாரி குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டார். மாலதிக்கு ஆறாவது மாதம். ஒப்பந்தம் போனால் விசா போகும், விசா போனால் கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்பி, மாமனார் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தினமும் வேலை விளம்பரம் பார்க்கவேண்டும். 

இப்படி இருக்கும்போதுதான் நியூசிலாந்தில் காற்றையும் அலையையும் கணக்கிடும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை இருப்பதாகத் தெரிந்து, என் பொய் வரியோடு விண்ணப்பம் போட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை, வீட்டுக்காரர் மாடியில் இருந்த போனுக்கு அந்தக் கூடத்தின் தலைவரே கூப்பிட்டார்.

"அந்த நூலகத்தை நிறுவியிருக்கிறீர்கள், ரொம்ப நல்லது. அப்படியானால் அதோடு வரும் மாதிரிக் கணக்கை ஓட்டி, விடையை வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நானே கூப்பிடுகிறேன்" என்றார்.

"அதற்கென்ன, தாராளமாக" என்றேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அந்த வயதில் 'தெரியாது' என்ற சொல் எனக்குத் தமிழிலும் வராது, ஆங்கிலத்திலும் வராது.

நூலகம் என்றால் புத்தகம் இல்லை. கடினமான கணக்குகளைப் போடும் நிரல்களின் தொகுப்பு. உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் நல்லவர்கள் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டது. ஆனால் சமைத்த சோறாகத் தரமாட்டார்கள், அரிசியும் பருப்பும் குறிப்பும்தான் வரும். நம் கணினியில் நாமே உலை வைத்துக்கொள்ளவேண்டும். அதற்குத்தான் கம்பைல் செய்வது என்று பெயர்.

எங்கள் வீட்டுக்காரர் சாமி அண்ணன், நாங்கள் குடியிருந்த நசினுவிலிருந்து சுவாவுக்கு மினிபஸ் ஓட்டுகிறவர். அவர் வண்டியிலேயே கல்லூரிக்குப் போய், காவலாளியிடம் கெஞ்சி, நூலகத்தைப் பதினான்கு ஃப்ளாப்பிகளில் பிரித்து இறக்கிக்கொண்டு, துறையின் மூலையில் கிடந்த ஒரு பழைய கணினியையும் தூக்கி வந்தேன். வழியில் ராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்து, "இதுல கேம் இருக்கா?" என்று கேட்டான். கணக்குதான் இருக்கிறது என்றேன். பரிதாபப்பட்டு விட்டுவிட்டான்.

அந்தக் கணினிக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை போடும்போதும் திரையில் ஏதோ இரண்டு வரி வந்து, 'எஃப் ஒன்றைத் தட்டவும்' என்று நிற்கும். தட்டினால் மேலே போகும். நான் தட்டினேன். அந்த இரண்டு வரி என்ன என்று படித்தேனா? கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவன் அதையெல்லாம் படிப்பானா!

இன்னொரு விஷயம் மின்சாரம். மலையில் இருந்த நீர்மின் நிலையத்தையும் யாரோ பிடித்துக்கொண்டதால், சுவா முழுக்க முறை வைத்துத்தான் கரண்ட் வந்தது. எங்கள் தெருவுக்கு நடுப்பகலில் நான்கு மணி நேரம். செவ்வாய்க்கிழமை கரண்ட் வந்ததும் கணினியைப் போட்டு, எஃப் ஒன்றைத் தட்டி, ஃப்ளாப்பிகளை ஏற்றி, குறிப்பில் சொன்னபடி கட்டளையைக் கொடுத்தேன்.

ஆஹா! என்ன காட்சி! திரை முழுக்க வரிகள் மளமளவென்று ஓடின. 'செக்கிங்... எஸ். செக்கிங்... எஸ்.' கணினி தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனது. வாழ்க்கையில் எனக்கு இத்தனை 'எஸ்' யாரும் சொன்னதில்லை. மாலதியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எப்ப முடியும்?"

"பெரிய நூலகம்மா. வரி ஓடுற வரைக்கும் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

இந்த வாக்கியத்தைச் செவ்வாய்க்கிழமை மூன்று முறையும் புதன்கிழமை ஏழு முறையும் சொன்னேன். கரண்ட் போகும், கணினி அணையும். மறுநாள் வரும், எஃப் ஒன்று, கட்டளை, மறுபடி வரிகள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். சாமி அண்ணன் தன் மினிபஸ் சகாக்களையெல்லாம் அழைத்து வந்து, "எங்க மாஸ்டர் கம்ப்யூட்டர்ல நியூசிலாந்துக்குக் காத்து செய்யறாரு" என்று காட்டினார். நான் நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மறுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை சாமி அண்ணனின் மனைவி அங்கம்மாக்கா, ஒரு கூடை பச்சைத் துவரங்காயோடு கீழே வந்து, மாலதிக்குத் துணையாகத் தரையில் உட்கார்ந்து உரித்தார். அக்காவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தமிழ், அப்பா காலத்து மெட்ராஸ் பக்கத்துத் தமிழ். மூன்று மகன்களும் இந்திதான் பேசுவார்கள் என்பதால், அந்தத் தமிழை எங்கள்மேல் கொட்டித் தீர்ப்பார். உரித்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டரை மணி நேரம் கழித்துத் திடீரென்று கேட்டார்.

"மாஸ்டர், இது இன்னா ஃபிர் சே ஃபிர் சே வருது?"

"என்னக்கா திரும்பத் திரும்ப?"

"அதோ, நீளமா போயி மடங்கி, கடசில குட்டையா முடியுதே ஒரு லைனு. மத்ததெல்லாம் ஒரே மாதிரி முடியுது, அது மட்டும் வேற. காலைலேந்து அதே வந்துக்கினு கீது."

"அதெல்லாம் வேற வேற லைன்க்கா. பார்க்க ஒரே மாதிரி இருக்கும்."

அக்கா வாதாடவில்லை. முந்தானைக்குப் பக்கத்தில் இருந்த சிறு குவியலைக் காட்டினார். "ஒவ்வொரு வாட்டி வரச்சொல்லோ ஒரு காய உரிக்காம எடுத்து வெச்சேன். எண்ணிப் பாருங்க."

மாலதி எண்ணினாள். பதினோரு துவரங்காய்.

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்து, நீளமாகப் போய் மடங்கி 'நோ' என்று முடியும் அந்த வரி வந்தது. அக்கா பன்னிரண்டாவது காயை எடுத்து வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கணினி மூன்று நாளாக ஒரு வரிகூடக் கம்பைல் செய்யவில்லை. சோதனையை முடிப்பது, முதலிலிருந்து மறுபடி சோதிப்பது, இதையேதான் செய்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றுதான், முதல் முறையாக, வரிகளை நிறுத்திப் படித்தேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஓர் எச்சரிக்கை இருந்தது. 'இந்தக் கோப்புகளின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது.' கணினியிடம் இன்று என்ன தேதி என்று கேட்டேன். அது கூசாமல் சொன்னது: ஜனவரி ஒன்று, 1980.

கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி செத்து எத்தனை காலமோ. அந்த வருடம் பிறந்தபோது உலகத்துக் கணினிகளெல்லாம் குழம்பிவிடும் என்று பயந்தார்களே, அதையும் தாண்டி வந்த கணினி, கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் இருபது வருடம் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. எஃப் ஒன்றைத் தட்டச் சொன்ன வரிகளும் அதைத்தான் சொல்லியிருக்கின்றன. கம்பைல் செய்யும் நிரலுக்குத் தேதிதான் எல்லாம். குறிப்பு போன வருடம் எழுதியது, குழம்போ 1980-இல் வைத்ததாகக் காட்டுகிறது. பழைய குழம்பு ஆகாது, கொட்டிவிட்டு மறுபடி வை. வைத்தால் அதுவும் 1980. மறுபடி கொட்டு.

இதை எல்லாருக்கும் விளக்கினேன். மாலதி என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை. சாமி அண்ணன் மட்டும் கணினியின் தலையில் தட்டிக்கொடுத்தார்.

"எம்பதா மாஸ்டர்? அப்ப இதுக்கு ஒரு கூவும் தெரியாது. எம்பத்தேழுல பட்டாளம் ஆட்சியப் புடிச்சதும் தெரியாது, இப்ப நடக்கறதும் தெரியாது. எங்க பசங்க மூணு பேரும் வூட்டுலயே இருந்த வருசம் எம்பது. இப்ப ஒருத்தன் பிரிஸ்பேன், ஒருத்தன் ஆக்லாந்து, ஒருத்தன் வான்கூவர்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "வுடுங்க, அது அங்கயே இருக்கட்டும். ஏன் இட்டாரீங்க இங்க?"

 அக்கா உரிக்காத காய்களை மறுபடி கூடைக்குள் போட்டார். நாங்களும் போகத்தான் பார்க்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கரண்ட் வந்ததும் முதல் வேலையாகத் தேதியைச் சரிசெய்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பித்தேன். இந்த முறை உண்மையான கம்பைல். கணினி உறுமியது, சூடானது. முடிய ஐந்து மணி நேரம் ஆகும் என்று குறிப்பில் இருந்தது. கரண்ட் நான்கு மணி நேரம்தான். கணித முனைவருக்கு இந்தக் கழித்தல் மட்டும் உடனே வந்தது.

இரண்டரை மணிக்கு நான் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்ட சாமி அண்ணன், "ஒரு பிலோ குடிங்க மாஸ்டர், படபடப்பு அடங்கும்" என்று சிரட்டையை நீட்டினார். நங்கோனா. மிளகு வகைச் செடியின் வேரைப் பொடித்துத் தண்ணீரில் கரைப்பது, பார்க்கச் சேற்றுத்தண்ணீர் மாதிரி இருக்கும். அந்த ஊர் வழக்கப்படி ஒரு தட்டு கைதட்டி ஒரே மடக்கில் குடித்தேன். படபடப்பு அடங்கவில்லை. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நங்கோனா முதலில் எதை மரக்கச்செய்யும் என்பதை, மூன்றாவது சிரட்டைக்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். மேலே போன் அடித்தது.

"விடை என்ன?" என்றார் தலைவர்.

பொய் சொல்லத்தான் போனேன். சத்தியமாகப் போனேன். ஃப்ளாப்பி கெட்டுவிட்டது, ராணுவம் பிடுங்கிவிட்டது என்று இரண்டு பொய் தயாராக வைத்திருந்தேன். ஆனால் நாக்கு மரத்துப்போனவனால் பொய் சொல்ல முடியாது, பொய்க்கு நிறைய சொற்கள் வேண்டும். உண்மைதான் சுருக்கமாக இருந்தது. வாய் குழறக் குழற, டீ குடித்ததிலிருந்து துவரங்காய் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாலதி படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலைவர் மிகவும் அக்கறையாகக் கேட்டார்.

"காய் எண்ணிய அந்த அம்மா இப்போது ஏதாவது வேலையில் இருக்கிறாரா?"

அக்காவிடம் சொன்னேன். "எனக்கு எங்க ஒழியுது? நாளைக்கு மார்க்கெட்டு கீதே" என்று மறுத்துவிட்டார். ஆக, அந்த ஆய்வுக்கூடம் எங்கள் வீட்டில் கேட்டது ஒருவரை, அவருக்கு நேரமில்லை. எனக்கு இரண்டு வாரத்தில் மரியாதையான ஒரு கடிதம் வந்தது. மாலதி அதைப் படித்துவிட்டு, "நல்லவேளை, நிஜத்தைச் சொன்னீங்க" என்றாள். அந்தக் குழறலைக் கேட்டு அவள் எவ்வளவு அழுதாள், எவ்வளவு சிரித்தாள் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

டிசம்பருக்குள் எங்கள் துறையில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். போகத் தெரியாத ஒரே ஆளாக நான் மட்டும் மிஞ்சினேன். ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததோடு, என்னையே துறைத்தலைவராகவும் ஆக்கினார்கள். என் வாழ்க்கையின் ஒரே பதவி உயர்வு அது. அக்டோபரில் மகள் பிறந்தாள். அங்கம்மாக்காதான் குளிப்பாட்டினார். இத்தனை வருடத்தில் வேறு நாட்டுக்குப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிம்மதியாக இருக்கிறோம்.

போன வருடம் அந்த மகளைப் பெண் பார்க்க பிரிஸ்பேனிலிருந்து வந்தார்கள். பையனின் அப்பா எண்பத்தேழில் நசினுவை விட்டுப் போனவர். காபியை வாங்கிக்கொண்டு, "எல்லாரும் போயிட்டாங்களே, நீங்க மட்டும் ஏன் சார் போகல?" என்று கேட்டார். இந்த மண், இந்த மக்கள், என் மாணவர்கள் என்று கௌரவமான பதில் ஒன்றை நான் ஆரம்பிப்பதற்குள், தட்டோடு வந்த அங்கம்மாக்கா முந்திக்கொண்டார்.

"யாரு சொன்னா போவலன்னு? போனாரே! எம்பதாம் வருசம் வரைக்கும் போனாரு. நான்தான் இட்டுக்கினு வந்தேன்."

அப்புறம் முழுக்கதையும் அவரே சொன்னார். சம்பந்திக்குக் காபி புரையேறிவிட்டது. அன்றே நிச்சயம் ஆயிற்று.

மாப்பிள்ளை ஞாயிறுதோறும் பிரிஸ்பேனிலிருந்து கூப்பிடுகிறார். தமிழ் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் அங்கம்மாக்கா சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிழையில்லாமல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். நலம் விசாரிப்பதற்கு முன்னால், மிகுந்த மரியாதையோடு அதைத்தான் கேட்கிறார்:

"மாமா, அங்க இப்ப இன்னா வருசம்?"