நடு ஏரியில் டிக்கெட் கேட்கும் படகு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனாரின் ஆசீர்வாதம். இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். எங்கள் மூட்டுவலிகளும் சௌக்கியம். இன்டர்நெட் மட்டும்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அதனால்தான் மெயில் அனுப்பாமல் தபாலில் எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனியின் படகு விளையாட்டைப் பற்றித்தான் விஷயம். நீங்கள் சும்மா தருகிறேன் என்றதை வேண்டாமென்று, நானே கடைக்குப் போய் வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராகக் காலம் தள்ளியவன் எதிலும் ஓசியில் ஏறக்கூடாது. விளையாட்டில் குறை ஒன்றுமில்லை. சுடுவது, வெட்டுவது கிடையாது. பெரிய ஏரி, ஒரு படகு, தண்ணீர்மேல் பஞ்சு மாதிரி பனி. எதிர்க்கரையில் ஒரு விளக்கு மினுக்மினுக்கென்று எரிகிறது. துடுப்புப் போட்டு அங்கே போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். சாயங்காலமானால் சோபாவில் உட்கார்ந்து நான் துடுப்புப் போடுவேன், உங்கள் மாமியார் பக்கத்தில் இருந்துகொண்டு, இந்தப் பக்கம் போங்க, அங்க என்னமோ பறவை நிக்குது என்பாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் எங்கள் கூடத்துச் சுவர்கூட மெல்ல ஆடுவதுபோல இருக்கும். ரிடையர் ஆன பிறகு நாங்கள் சண்டையில்லாமல் சேர்ந்து செய்யும் ஒரே காரியம் இதுதான், மறைக்காமல் சொல்கிறேன்.

அதில்தான் மண் விழுந்தது. படகு நடு ஏரிக்குப் போனதும் இன்டர்நெட் லைன் போய்விடும். மாடி வீட்டுக்காரர் வாஷிங் மெஷினைப் போட்டால் போகும், தூறல் விழுந்தால் போகும், சில நாள் காரணமே இல்லாமல் போகும். உடனே ஏரி அப்படியே உறைந்துபோய், துடுப்பு அந்தரத்தில் நிற்க, ‘வாங்கியவர் நீங்கள்தானா என்று சரிபார்க்கிறோம், காத்திருக்கவும்’ என்று திரையில் எழுத்து வரும். காத்திருந்தால், லைன் வந்ததும் புறப்பட்ட கரையிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். திருட்டுக் காப்பி ஓடாமல் தடுக்கும் இந்தப் பூட்டைச் செய்த பிரிவில்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று மகள் போனில் பெருமையாகச் சொன்னாள். மாப்பிள்ளை, திருட்டுப் பயணிகளை விடக்கூடாது என்று நீங்கள் சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஒருதடவை டிக்கெட்டைப் பார்த்துக் கோடு போட்டால் போட்டதுதான். வழி முழுக்கப் பயணியின் மடியில் உட்கார்ந்துகொண்டு டிக்கெட் இருக்கா, டிக்கெட் இருக்கா என்று கேட்டதில்லை. நான் பாத்ரூம் போன நேரம் பார்த்து வண்டி கிளம்பின ஊருக்கே திரும்பி ஓடியதும் இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கீழ்வீட்டுத் தையல்காரர் இதே விளையாட்டின் திருட்டுக் காப்பியை வைத்திருக்கிறார். அதில் பூட்டை யாரோ பிடுங்கிவிட்டார்களாம். லைனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மனுஷன் வேலைக்கு நடுவே காலாட்டிக்கொண்டே ஏரியைக் கடக்கிறார். டிக்கெட் எடுத்தவன் பிளாட்பாரத்தில், எடுக்காதவன் ஜன்னலோரத்தில். இன்று உங்கள் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அந்த விளக்குக்கிட்ட என்ன இருக்குன்னு பாக்காமலே நான் போய்ச் சேந்துடுவேன் போலிருக்கு. தையல்காரர் வீட்லயே பாத்துக்கறேன்” என்றாள். பரிசோதகர் பெண்டாட்டியே டிக்கெட் இல்லாமல் போவதா? அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கரையில் அவள் நான் இல்லாமல் இறங்குவதைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே உங்கள் மேலதிகாரியின் கையைக் காலைப் பிடித்தாவது இந்தப் பூட்டை உடனே எடுக்க ஏற்பாடு செய்யவும்.

மகளுக்கு என் ஆசிகள். இருவரும் நோய்நொடி இல்லாமல், லைன் அறுந்துபோகாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் கீழே போய்விட்டு வந்துவிட்டாள். ஒரே மூச்சில் எதிர்க்கரையாம். என்ன இருந்தது என்று கேட்டேன். “ஒரு பெஞ்சு இருக்கு. உக்காந்தேன். பேசறதுக்கு ஆள் இல்ல” என்றாள். பிறகு தானாகவே நம் படகில் ஏறிக்கொண்டாள். நடு ஏரியில் லைன் போயிற்று. சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றால்தான் பக்கத்து சீட்டுக்காரர்கள் பேச ஆரம்பிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. உறைந்த ஏரியைப் பார்த்தபடியே சொன்னாள், கல்யாணமான புதிதில் நான் வண்டியோடு போன நாட்களில், இப்போது எந்த ஸ்டேஷனில் இருப்பேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போவாளாம். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதேயில்லை. ஆகையால் மாப்பிள்ளை, பூட்டில் கை வைக்க வேண்டாம். முடிந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள். நாங்கள் இப்போதைக்கு அந்தக் கரைக்குப் போவதாக இல்லை.