இருபத்திரண்டாயிரம் ரூபாய்த் தாடி

ஆவணி முதல் தேதி ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் இந்தத் தங்கப்பாண்டியன் கன்னத்தில் தங்கப்பாண்டியன் கை தவிர வேறு எவன் கையும் படக்கூடாது. மடக்குக் கத்தி. நானே தீட்டி, நானே நுரை போட்டு, நானே வழிப்பேன். ஜமீன்தார் மாதிரி.

எல்லாம் செல்போனில் பார்த்த வீடியோவால் வந்த வினை. ஒரு வெள்ளைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் கத்தியை இழுக்கிறான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. கல்யாணம் ஆகாதவனாக இருப்பான். நான் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் லாரிக்குப் பண்டல் ஏற்றி அனுப்புகிறவன். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். நிம்மதி எங்கே விற்கிறதென்றாலும் விலை கேட்கிற நிலைமை.

என் வீட்டுக்காரி சுதாராணி கேட்டாள்.

"எவ்வளவு ஆகும்?"

"எண்ணூறு ரூவா. ஆயுசுக்கும் ஒரே செலவு. சலூன்ல அழுவுற காசு மிச்சம்லா!"

"அப்பம் நல்லதுதான்."

கத்தி மட்டும் ஒன்பதாயிரம். பார்சலில் வந்த கத்தி வெண்டைக்காயைக்கூட வெட்டவில்லை. விற்றவனுக்குப் போன் போட்டால், "தீட்டித்தான் சார் யூஸ் பண்ணணும்" என்கிறான். தீட்டக் கல் வேண்டும். ஒரு கல் போதாதாம், முரடு, நடுத்தரம், நைசு என்று மூன்று கல். ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி விலை. கல்லில் தீட்டியபின் தோல் வாரில் இழுக்க வேண்டும். முதல் வாரை முதல் நாளே ரெண்டாக அறுத்துவிட்டேன். இன்னொரு வார். பிறகு பிரஷ், சோப்பு, சோப்புக்குக் கிண்ணம், ரத்தம் நிற்கப் படிகாரம். இதில் படிகாரம் மட்டும்தான் பஜாரில் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. அதுதான் சீக்கிரம் தீர்ந்தும் போனது.

ஆக மொத்தம் இருபத்திரண்டாயிரம்.

அது என் பணமாக இருந்தால் நான் ஏன் இப்படி உங்களிடம் வந்து புலம்புகிறேன்? சுதா வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். மூன்று வருஷம் சேர்த்த காசை என் கையில் கொடுத்து மோட்டார் வைத்த தையல் மிஷின் வாங்கச் சொல்லியிருந்தாள். பழைய கால் மிஷினை மிதித்து மிதித்து அவள் முட்டி வீங்கிக் கிடந்தது. தீபாவளிக்கு நாற்பது ஜாக்கெட் ஒத்துக்கொண்டிருந்தாள். நான் துணிந்து சொன்னேன், "பணத்தக் கடையில கட்டியாச்சு. ஸ்டாக் இல்லையாம். வந்ததும் கூப்பிடுவாவ."

அவள் முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போனஸ் வந்ததும் வாங்கிவிடலாம் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். அதுவரைக்கும் மாட்டக்கூடாது. அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

ஆவணி நாலாவது ஞாயிற்றுக்கிழமை. புறவாசலில் கண்ணாடியை மாட்டி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, குரல்வளைக்கு மேல் கத்தியை வைத்தேன்.

"ஏங்க."

கண்ணாடியில் சுதா நின்றாள். இடுப்பில் கை.

"ம்."

"மிஷின் கடைக்குப் போன் போட்டீங்களா?"

"போட்டேன்."

பொய் சொன்னால் எனக்கு எச்சில் விழுங்காமல் இருக்க முடியாது. விழுங்கினால் குரல்வளை ஏறி இறங்கும். இறங்குகிற இடத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க் கத்தி நிற்கிறது. சுருக்கென்றது.

"ரத்தம் வருதே!"

"சும்மா கீறல்டி."

"எப்பம் வருமாம் மிஷின்?"

"வெள்ளிக்கெழம."

சுருக்.

"பணம் கட்டுன ரசீது எங்கன இருக்கு?"

"பீ... பீரோல."

சுருக். இது கொஞ்சம் ஆழம். நுரை சிவப்பாகி மார்பில் இறங்கியது. கத்தியை எடுக்கலாமென்றால் விரல் விறைத்துப்போச்சு. சுதா ஒரு அடி கிட்டே வந்தாள். கண்ணாடியில் என் கழுத்தையே பார்த்தாள்.

"இந்தக் கத்தி எண்ணூறு ரூவாதான?"

கத்தி இப்போது பெரிய நரம்புக்கு மேலே. ஆமாம் என்றால் ஆள் காலி. இல்லை என்றாலும் ஆள் காலி. மூச்சை அடக்கிக்கொண்டேன். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. எச்சில் வாய் நிறைய ஊறிவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"வேண்டாம், நீங்க பதில் சொல்லாதீங்க. எந் தாலி பத்திரமா இருக்கட்டும்."

போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை திட்டவில்லை. மத்தியானம் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வேறு. திட்டினால் நான் தாங்குவேன், பதினேழு வருஷப் பயிற்சி. திட்டாத பொம்பளையை எப்படிச் சமாளிப்பது?

மறுநாள் பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வியோடு கழுகுமலைக்கு பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் என் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள்.

"என்னட்டி விசேஷம்?"

"முருகங்கிட்ட நேந்துட்டு வந்திருக்கேன். மிஷின் நல்லபடியா வீடு வந்து சேரணும்."

"நல்ல காரியம்." தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"அது வாரமுட்டும் எங்க வீட்டுக்காரவிய மொகத்துல கத்தி படாது சாமின்னு சொல்லிட்டேன்."

தாடையைத் தடவிப் பார்த்தேன்.

"ஏட்டி, எம் மொகத்த எங்கிட்டக் கேக்காம எப்படி நேருவ?"

"நேத்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்கதான் ரத்தமா ஊத்துனீங்க."

"சலூன்ல பண்ணிக்கிடலாம்லா?"

"எந்தக் கத்தியும்னு சொல்லியிருக்கேன். வெள்ளிக்கெழமதான மிஷின் வருது? நாலு நாளு பொறுக்க மாட்டீங்களா?"

மனுஷரிடம் பொய் சொல்ல எனக்குத் தெரியும். முருகன் விஷயத்தில் விளையாடத் தைரியம் கிடையாது. வெள்ளிக்கிழமை வந்தது. மிஷின் எங்கிருந்து வரும்?

இசக்கிச்செல்வி எங்கள் ஆபீஸில்தான் பாக்கெட் ஒட்டுகிறாள். விஷயம் அறுபது பொம்பளைகளுக்கும் தெரிந்துபோச்சு. உள்ளே நுழைந்தால் ஒரே கோரஸ்: "அண்ணாச்சி, மிஷின் வந்துட்டா?" முதலாளி தாடியைப் பார்த்துவிட்டு, "சாமியாராப் போறதுன்னா லோடு ஏத்திட்டுப் போடே" என்றார். தாடை முழுக்க அரிப்பு. கத்தியோ, வைத்தால் வழுக்குகிற பதத்தில் இருக்கிறது. தினமும் எடுத்துத் தோல் வாரில் இழுத்துவிட்டு மடக்கி வைப்பேன். உள்ளே கால் மிஷின் கட கடவென்று ஓடும். நடுவில் நின்று, "அம்மா, முட்டி" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அரிப்பைவிட மோசம்.

இருபத்தோராம் நாள் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் பையில் கட்டி, பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஹாரூன் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கத்தியைப் பார்த்தார், என் தாடியைப் பார்த்தார்.

"கத்தி நல்லா இருக்குன்னு சொல்லுதீரு. மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலையே வே!"

"அதெல்லாம் ஒரு வேண்டுதல், அண்ணாச்சி."

"அறுந்த வாரு, தேஞ்ச சோப்பு எல்லாத்துக்கும் சேத்துப் பன்னெண்டாயிரம். வேண்டாம்னா வேண்டுதல் முடிஞ்சு வாரும்."

கொடுத்துவிட்டேன். மீதிக்கு, முந்தின நாள் கைக்கு வந்த என் போனஸ் மொத்தமும் போச்சு. அன்று சாயங்காலமே லோடு ஆட்டோவில் மிஷின் வந்து இறங்கியது. சுதா உட்கார்ந்து காலை லேசாக வைத்தாள். சர்ரென்று ஓடியது. அவள் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே, மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பாவத்தைக் கழுவிவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன்.

"சுதா, நாளைக்கே கழுகுமலைக்குப் போவோம். சாமியக் கும்பிட்டுட்டு அங்கனயே தாடிய எடுத்துருதேன்."

"பஸ்ஸுக்கு எதுக்குத் தண்டச் செலவு? தெருமுக்கு சலூன்ல எடுங்க."

"நேர்த்திக்கடன்லாட்டி!"

"எந்த நேர்த்திக்கடன்? அன்னைக்கு ஒருத்திக்கு ஜாக்கெட் குடுக்கப் போனேன். கோயில் வாசல்ல திருநீறு குடுத்தாவ, வாங்கிட்டு வந்தேன்."

தாடியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அடிப்பாவி! முருகன் பேரச் சொல்லியா பொய் சொன்ன? அவரு என்ன நெனப்பாரு?"

சுதா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு ரெண்டு பொண்டாட்டிங்க. கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பாரு."