இரண்டு ஸ்கூப் பவுடரும் மாரியாத்தாவும்

தொப்பை உள்ளவனுக்கு ரோஷம் ஜாஸ்தி. இல்லையென்றால், மறுநாள் மணலூர்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போகவேண்டிய நான், சித்திரை வெயிலில் கோமுகி அணை ரோட்டில் ஓடியிருப்பேனா? போட்டோவிலேயே எனக்குச் சங்கீதாவைப் பிடித்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே!

ஜிம்முக்குப் போகும் நண்பன் ஒருவன், உடற்பயிற்சிக்கு முன்னால் குடிக்கிற பவுடர் ஒரு டப்பா கொடுத்திருந்தான். முதலில் அரை ஸ்கூப், கூடவே நிறையத் தண்ணீர் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. நான் இரண்டு ஸ்கூப்பை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி ஒரே மடக்கில் குடித்தேன். (ஒரே நாளில் தொப்பை கரையணும் இல்லையா!)

கொஞ்ச தூரம்தான் ஓடியிருப்பேன். காது சுட்டது. அப்புறம் முகம், கழுத்து, மார்பு எல்லாம் சிவந்து, கட்டெறும்பு ஊர்கிற மாதிரி ஒரே அரிப்பு. வெயிலில் ஓடினாலே ரத்தம் தோலுக்கு ஏறுமாம். பவுடரில் இருந்த வைட்டமினும் அதே வேலையைத்தான் செய்யுமாம். இதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்தது. அன்றைக்குத் தலைசுற்றலோடு சொறிந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா என் சட்டையை விலக்கிப் பார்த்தாள். இரண்டடி பின்வாங்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மாரியாத்தா வூட்டுக்கு வந்துட்டாடா! யாரும் கிட்ட வராதீங்க!"

"அம்மா, இது பவுடர்மா..."

"வாய மூடு! ஆத்தா வந்திருக்கசொல்ல இன்னா பேச்சு பேசிக்கினு இருக்கிற?"

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை, எனக்கு வேப்பிலைப் படுக்கை. அம்மை கண்ட வீட்டிலிருந்து நல்ல காரியத்துக்குக் கிளம்பக்கூடாது என்று அப்பா மணலூர்பேட்டைக்குப் போன் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் சிவப்பெல்லாம் மறைந்தது. "பாத்தியா, வேண்டிக்கினதும் எறங்கிட்டா" என்றாள் அம்மா. ஆனாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே விடமாட்டாளாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் சங்கீதாவுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டால்?

மறுநாள் புது நம்பரிலிருந்து போன்.

"சங்கீதா பேசறேங்க. நெசமாவே அம்மையா, இல்ல என்னைப் புடிக்கலியா?"

நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவே ரொம்ப நேரமாயிற்று.

"தொப்பை போட்டோவுலயே தெரிஞ்சுதுங்க. அதுக்கு ஒத்துக்கினுதான் வரச்சொன்னோம்."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆனால் அம்மை இறங்கினால் வருஷா வருஷம் ஆடியில் நான் தீச்சட்டி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாளே, அதிலிருந்து மட்டும் தப்பிக்க முடியவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "பவுடராவே இருக்கட்டும்டா, எறக்கினது யாரு?" என்கிறாள்.

ஒவ்வொரு ஆடியிலும் நெருப்புச் சட்டியோடு நான் வேர்த்து விறுவிறுத்து வர, கூடவே வரும் சங்கீதா காதோரம் சொல்வாள்:

"வேகமா நடங்க. வருசத்துக்கு ஒரு நாள்தான் எக்சர்சைஸ் பண்றீங்க, அதையாவது ஒழுங்கா பண்ணுங்க."