முதல் டம்ளர் மரியாதை

கதவை உடைக்காமல் வீட்டுக்குள் நுழைவதில் உலகத்திலேயே தலைசிறந்த பேரறிஞர், டைபாய்டு காய்ச்சலைத் தரும் சால்மனெல்லா என்னும் நுண்ணுயிரிதான். இரண்டாம் இடம், சந்தேகமே இல்லாமல், பேரையூர்ப் பக்கம் பொட்டல் நடுவே எழுந்து நிற்கும் ஞானப்பெருக்கு கலை அறிவியல் கல்லூரியின் தாளாளர் திரு. காளை அவர்களுக்கு உரியது.

இரு மேதைகளையும் அருகிருந்து அறியும் பேறு பெற்றவர், அக்கல்லூரியின் நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியர் முனைவர் இம்மானுவேல். முன்னவரை ஏழாண்டு ஆராய்ந்து பட்டம் வாங்கினார். பின்னவர் முன்னால் ஆறாண்டாக நின்றுகொண்டே பேசிவந்தார்.

சால்மனெல்லாவைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு பக்தி வந்துவிடும்.

"அது சண்டைக்கே போகாதும்மா. குடல் செல்லுக்குப் பக்கத்துல போய் ஒட்டி நிக்கும். ஊசி மாதிரி ஒரு குழாய் வச்சிருக்கு. அத செல் மேல வச்சு, கொஞ்சம் புரதத்த உள்ள ஏத்தும். அம்புட்டுத்தான். செல்லுக்குப் புத்தி மாறிரும். தன்னோட சவ்வத் தானே கை மாதிரி நீட்டி, வாங்க வாங்கன்னு கிருமிய உள்ள இழுத்துக்கும்."

"வந்திருக்கறது யாருன்னு செல்லுக்குத் தெரியாதா சார்?" என்றாள் முதல் பெஞ்சு திவ்யா. விடுதி மாணவி. செல்லூர்த் தறிக்காரர் ஜெயபாண்டியின் ஒரே மகள்.

"தெரிஞ்சா இழுக்குமாம்மா?" என்றார் இம்மானுவேல். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஆடி மாதம் விடுதியில் மூன்று பெண்கள் காய்ச்சலில் படுத்தார்கள். இம்மானுவேல் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தார். சோதனைத் தட்டில் கறுப்புக் கறுப்பாய் வளர்ந்திருந்தது, அவர் ஏழாண்டு பழகிய அதே சால்மனெல்லா. 'தொட்டியை உடனே மூடவும்' என்று ஓர் அறிக்கை எழுதித் தாளாளர் அறைக்கு எடுத்துப் போனார். வாசல்வரை வந்து இருமுறை திரும்பி நடந்தார். ஆனாலும் போனார். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்காவிட்டால் பாவம்.

"உக்காருங்க டாக்டர்," என்றார் காளை, அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு.

இம்மானுவேல் திரும்பிப் பார்த்தார். பின்னால் டாக்டர் யாரும் இல்லை. அன்றுவரை அவர் பெயர் 'ஏப்பா'. நாற்காலி மெத்தென்று இருந்தது. காளை வீட்டு வயலில் இம்மானுவேலின் அப்பா கதிர் அறுத்தவர். அந்த வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. முதல் புரதம் சுகமாக உள்ளே இறங்கியது.

"அறிக்கையப் படிச்சு அசந்துட்டேன். இன்னைலருந்து 'தூயநீர் உயர்மட்டக் குழு'வுக்கு நீங்கதான் தலைவர்."

"குழுவுல வேற யாருங்கய்யா?"

"நீங்க மட்டுந்தான். ஆளக் கூட்டுனா அப்பறம் என்ன உயர்மட்டம்?"

"ஐயா, அந்தத் தொட்டி..."

"கழுவச் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம காலேஜுக்குத் தரம் போட ஆய்வுக்குழு வருது. தண்ணி சுத்தம்னு ஒரு தாள் வேணும். தலைவர் கையெழுத்துப் போட்டாத்தான அதுக்கு மரியாத?"

"இன்னொருக்கா சோதிச்சுட்டுப் போடுறேன்யா."

"தாராளமாச் சோதிங்க. போட்டுட்டுச் சோதிங்க." காளை குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு விழா வச்சிருக்கேன். கல்லூரியே எந்திரிச்சு நிக்க, மொத டம்ளர் தண்ணி ஒங்க கையிலதான். அதுக்கப்பறந்தான் எனக்கே."

அந்தச் சீமையில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பதற்காக மண்டை உடைந்திருக்கிறது, தேர் நின்றிருக்கிறது, வழக்கு உயர்நீதிமன்றக் கிளைவரை போயிருக்கிறது. இம்மானுவேலின் குடும்பத்துக்குக் கடைசி மரியாதைகூட வந்ததில்லை. அவர்கள் எட்ட நின்று பார்த்தவர்கள். இம்மானுவேல் பேனாவைத் தம் சட்டைப் பையிலிருந்து தாமே எடுத்தார்.

கிருமி உள்ளே போனதும், நெளிந்துபோன சவ்வை நேராக்கி, ஒன்றுமே நடவாததுபோல் காட்டவும் தனியாக ஒரு புரதம் உண்டு. அதுவும் தாளாளரிடம் இருந்தது. பழைய அறிக்கையை எடுத்து, நான்காக மடித்து, 'பத்திரமாக' மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மதுரை காளவாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'தண்ணீருக்கே தகுதி தந்த தலைமகனே!' என்ற வாசகத்துக்குக் கீழே கைகட்டி நின்றார் இம்மானுவேல். கையெழுத்தான சான்றிதழ் பெற்றோர் வாட்ஸப் குழுக்கள் அத்தனையிலும் பாய்ந்தது. அவர் மனைவி தங்கப்பொண்ணு அந்த ஃப்ளெக்ஸின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

விழா மேடையில் மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், வெள்ளி டம்ளரை நீட்டினார்கள். இம்மானுவேல் கையை நீட்டாமல் மாலையைச் சரிசெய்துகொண்டார். தம் கையெழுத்தின் தரம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

டம்ளரை ஏந்திவந்த பியூன் ஆண்டிச்சாமி அவர் காதருகே குனிந்தார்.

"சும்மா குடிங்க சார். மேடைக்கு மட்டும் கேன் தண்ணி."

அப்பாடா என்று இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரே மூச்சில் குடித்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. கீழே விடுதிப் பெண்கள் நானூறு பேர் தொட்டித் தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் டம்ளர்களைத் தூக்கினார்கள். திவ்யா மட்டும் தூக்கவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் நன்றியுரைத் தாளில் கண்ணைப் பதித்துக்கொண்டார். உரை பதினெட்டு நிமிடம் நீடித்தது.

ஆய்வுக்குழு உயர்ந்த தரம் வழங்கிச் சென்றது. தொட்டி கழுவப்படவில்லை; கழுவினால் சான்றிதழை அவமதித்ததாகிவிடும் என்று தாளாளர் கருதினார். மூன்றாவது வாரம் பதினேழு பெண்கள் மருத்துவமனையில் இருந்தார்கள். பட்டியலில் திவ்யாவின் பெயரைப் பார்த்ததும் இம்மானுவேலுக்கு விளங்கவில்லை. அவள்தான் குடிக்கவே இல்லையே!

பழங்களோடு மதுரைக்கு ஓடினார். வார்டு வாசலில் ஜெயபாண்டி நின்றிருந்தார். உள்ளே, எட்டு நாளாகக் காய்ச்சல் இறங்காமல், மகள் கண்மூடிக் கிடந்தாள். இம்மானுவேலைக் கண்டதும் ஜெயபாண்டி தோள்துண்டை எடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

"எப்படிங்க? திவ்யா அந்தத் தண்ணியத் தொடலையே," என்றார் இம்மானுவேல்.

"ஆமா சார். கேன் தண்ணிக்குக் காசு அனுப்புப்பான்னு போன்ல அழுதா. நாந்தான் வஞ்சேன். வாட்ஸப்புல ஒங்க கையெழுத்தக் காட்டி, அம்புட்டுப் படிச்ச மனுசன் பொய் சொல்வாராடி, பேசாமக் குடின்னேன்."