ஒன்றும் தெரியாத வகுப்பு

பட அட்டையைத் திருப்புவதற்கு முன்பே வகுப்பு கதையை முடித்துவிட்டது.

"ஆமை குடை வாங்காமலே வீட்டுக்குப் போயிடும் மிஸ்" என்றது முதல் பெஞ்சு.

"அதுக்குத்தான் முதுகுல ஓடு இருக்கே" என்றது கடைசி பெஞ்சு. அங்கே முன்பல் இல்லாத ஒருவன் மேசைக்கு அடியில் சுருண்டு, ஆமை வீடு திரும்பும் விதத்தையும் செய்து காட்டினான்.

பயிற்சி டீச்சர் அட்டையைக் கீழே வைத்தாள். நாளைக்கு மதியம் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் அம்மா வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்க்கப்போகிறார். இரண்டாம் வகுப்புக்கான மொழிப்பாடம். கதையைப் பாதியில் நிறுத்தி, 'அடுத்து என்ன நடக்கும்?' என்று கேட்டு, பிள்ளைகளை யோசிக்கவும் பேசவும் வைக்கவேண்டும். பாடத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருந்தது. இப்போது அதற்கான பதில் நாற்பது வாய்களில் தயாராக இருந்தது.

தப்பு அவளுடையதுதான். வேதியியல் படித்தவள். எதையும் ஒருமுறை செய்து பார்க்காமல் செய்யமாட்டாள். பாடம் நேரத்துக்குள் முடிகிறதா என்று பார்க்க, நேற்று கதையை முழுவதும் சொல்லிவிட்டாள்.

விரிவுரையாளர் அம்மாவுக்கோ ஒத்திகை என்ற சொல்லே ஆகாது. ஒத்திகை பார்த்துவிட்டு நடத்தினால் அது பாடமல்ல, நாடகம் என்பார். போன வருடம் ஒரு பெண்ணின் வகுப்பில் ஒரு பிள்ளை கேள்விக்கு முன்பே பதிலைச் சொல்லிவிட, அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அந்தப் பெண் இப்போது மறுபடி முதலிலிருந்து படிக்கிறாள்.

அப்படி ஒன்று தனக்கு நடந்தால் வீட்டில் அப்பா என்ன சொல்வார் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளுக்கு எழுத்து சொல்லித்தரப் போகிறேன் என்று அவள் வந்து நின்ற நாளிலிருந்து அவர் அதைச் சொல்லத் தயாராக இருந்தார்.

ஆனால் அவள் கலங்கவில்லை. கலங்காததற்குக் காரணம் இருந்தது.

பருவத் தொடக்கத்தில் அவள் வந்தபோது இந்த வகுப்புக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது. 'ட' வைக் காட்டினால் நாற்காலி என்றார்கள். 'ப' வைக் காட்டினால், தண்ணீர் இல்லாத தொட்டி என்றார்கள். அவள் ஆய்வகத்துப் பழக்கத்தில் இறங்கினாள். எழுத்துகளை ஒலிவாரியாகப் பிரித்துச் சுவரில் கட்டம் கட்டி ஒட்டினாள். மணலில் எழுதவைத்தாள். இரண்டு எழுத்தை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, என்ன சொல் உண்டாகிறது என்று பார்க்கச் சொன்னாள். சில வாரங்களிலேயே பிள்ளைகள் மளமளவென்று வாக்கியம் படிக்க ஆரம்பித்தார்கள். வகுப்பு டீச்சர்கூட, பின்னால் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டே, "உங்களுக்குக் கைராசிம்மா" என்றார்.

எழுத்தே தெரியாத வகுப்பைப் படிக்கவைத்தவளுக்கு ஒரு ஆமை எம்மாத்திரம்?

மாலையில் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த விஷயத்துக்கும் மருந்து வைத்திருப்பவள்.

"கதையை மாத்திடு. ஆமை குடையை வாங்கட்டும், நமக்கென்ன?" என்றாள் அக்கா.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆமை குடையை வாங்கி, வழியில் நனைந்துகொண்டிருந்த தவளைக்குக் கொடுத்துவிடுகிறது என்று முடிவை மாற்றினாள். கடைசி அட்டையைப் புதிதாக வரைந்தாள். தவளை நன்றாகவே வந்திருந்தது.

மறுநாள் காலையில் மறுபடி அந்தப் பழக்கம் தலைதூக்கியது. புதுக் கதை பிள்ளைகளுக்குப் புரியுமா? ஒருத்தியிடம் மட்டும் சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை. மணியடிப்பதற்கு முன்பே வந்துவிடும் ரெட்டைச்சடைக்காரியைக் கூப்பிட்டு, கதையைச் சொல்லி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். ரெட்டைச்சடை இரண்டு கையையும் தலையில் வைத்துச் சத்தியம் செய்தாள்.

இடைவேளைக்குள் விஷயம் வகுப்பு முழுவதும் பரவி, கொஞ்சம் வளர்ந்தும் விட்டது. தவளைக்கும் ஆமைக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அதைவிட மோசம், வகுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஜன்னல் பக்கம் முழுவதும் ஓடே போதும் என்ற கட்சி. சுவர்ப் பக்கம் குடைக் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு பென்சில் பெட்டி பறந்தது.

இப்போது அவளிடம் இரண்டு கதை இருந்தது. இரண்டுமே எல்லோருக்கும் தெரியும்.

வகுப்பு டீச்சரிடம் போய் நின்றாள். அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்: "பிள்ளைங்ககிட்டயே சொல்லிடுங்க. தெரியாத மாதிரி இருங்கன்னு. நல்ல பிள்ளைங்க, சொன்னா கேட்டுக்குவாங்க."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது மொழிப்பாடத்தில் சேராது. ஆனால் மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா வேறு அடிக்கடி நினைவுக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். இந்தக் கதையை இதற்கு முன் கேட்டதே இல்லை என்று நினைத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பு கவனமாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ரெட்டைச்சடை கையைத் தூக்கினாள்.

"எவ்வளவு தெரியாத மாதிரி மிஸ்? கொஞ்சமா, சுத்தமாவா?"

"சுத்தமா" என்றாள், யோசிக்காமல்.

அங்கேதான் பிசகியது.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போன பிள்ளைகள் திரும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. விரிவுரையாளர் அம்மா முந்தானையைத் துடைத்தபடி வந்து, பின்னால் இருந்த குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயை இடிக்க, உட்கார்ந்தார். வகுப்பு ஆடாமல் அசையாமல் இருந்தது. பயிற்சி டீச்சர் முதல் அட்டையை எடுத்துக் காட்டினாள். பச்சையாய், பெரிதாய், ஆமை.

"இது என்ன?"

"தெரியாது மிஸ்."

ஒரே குரல். சுத்தமான, கழுவித் துடைத்த குரல். முன்பல் இல்லாதவன் புருவத்தைச் சுருக்கித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொறிந்தான். சொறிந்த விதத்தில் நல்ல கைப்பழக்கம் தெரிந்தது.

இதை அவர்களாகச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பித்தான் பாடத்தையே கட்டியிருந்தாள். சரி, தானே சொல்லிவிடலாம் என்று, இது ஆமை, குடை வாங்கக் கடைக்குப் போகிறது என்றாள்.

"குடைன்னா என்ன மிஸ்?" என்று கேட்டாள் ரெட்டைச்சடை.

விரிவுரையாளர் அம்மா மெதுவாகத் திரும்பி வகுப்பின் மூலையைப் பார்த்தார். அங்கே நாற்பது குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

கடைக்கும் மழைக்கும்கூட யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருப்பதைக் காட்டினாள். அதையும் வகுப்பு வாயைப் பிளந்து பார்த்தது. திட்டமிட்டு எழுதிவைத்த பாடத்தில் ஒரு வரிகூட இனி உதவாது. அம்மாவின் பேனா எதையோ எழுதி, அடிக்கோடும் போட்டது.

பயிற்சி டீச்சர் அட்டைகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஒரு பொருள் என்னவென்றே தெரியாவிட்டால் ஆய்வகத்தில் என்ன செய்வாள்? பெயரைத் தேடமாட்டாள். முதலில் அதைப் பார்ப்பாள்.

மூலையிலிருந்து ஒரு குடையை எடுத்து வகுப்பின் நடுவில் விரித்தாள்.

"பேரு தெரியாட்டி பரவாயில்லை. இது எப்படி இருக்கு, என்ன பண்ணுது, அதை மட்டும் சொல்லுங்க. தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரிக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது போலிருந்தது.

"நடுவுல குச்சி இருக்கு."

"உள்ள எலும்பெல்லாம் தெரியுது."

"வவ்வால் மாதிரி."

"தண்ணி மேல விழுந்தா, அதுக்குப் பிடிக்காத மாதிரி ஓட்டிவிட்டுடுது."

அவள் ஒவ்வொன்றையும் பலகையில் எழுதினாள். எழுதியதை அவர்களே படித்தார்கள். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து நீளமாக்கினார்கள். ஆமையின் அட்டை கைக்குக் கை போயிற்று. சுவர்ப் பக்கத்திலிருந்து, அது தன் வீட்டைத் தானே தூக்கிப்போகும் பிராணி என்று ஒரு வாக்கியம் வந்தது. ஜன்னல் பக்கம் அதற்கு இன்னொன்று சேர்த்தது. கட்சி எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கடைசியில், ஆமை மழையில் குடைக்கடை வாசலில் வந்து நிற்கிறது என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"அடுத்து என்ன நடக்கும்?"

முன்பல் இல்லாதவன் எழுந்தான்.

"கடைக்காரர் நனைஞ்சுக்கிட்டு விக்கிறாரு மிஸ். ஆமை அவருகிட்ட, 'எனக்கு வேணாம், நீங்களே பிடிச்சுக்குங்க'ன்னு சொல்லும்."

இது அவள் சொன்ன எந்தக் கதையிலும் இல்லை. எந்தக் கட்சியும் சொன்னதில்லை.

மணியடித்ததும் விரிவுரையாளர் அம்மா அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். எத்தனையோ வருடமாக வகுப்புகளைப் பார்க்கிறாராம், குடை என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளை இப்போதுதான் பார்க்கிறாராம்.

"அந்தப் பிள்ளைங்களை ஒரே பாடத்துல வாக்கியம் வாக்கியமா பேச வச்சிருக்கீங்க. ஒத்திகை பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்கிட்ட அதெல்லாம் நடக்காது" என்றார். முதல் தரம் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

அவள் வகுப்புக்குத் திரும்பினாள். காலில் செருப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. வாய் தவறி வந்த ஒரு தப்பு இப்படி முடிந்ததற்கு அவள் உள்ளூர ஒரு விளக்கமும் கண்டுபிடித்துவிட்டாள். பருவம் முழுவதும் போட்ட அஸ்திவாரம். எழுத்தே தெரியாமல் இருந்தவர்கள். இன்று அதன்மேல் கட்டடம் தானாக எழுந்து நின்றிருக்கிறது. இதை அக்காவிடம் சொல்லவேண்டும். அப்பாவிடம் அக்கா சொல்லிக்கொள்வாள்.

இன்றோடு இந்தப் பள்ளியில் அவளுடைய பயிற்சி முடிகிறது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். விடைபெறும் முன் அவர்கள் படிப்பதை இன்னொரு முறை கேட்கவேண்டும் போலிருந்தது. பலகையைத் துடைத்துவிட்டு, 'நீங்கள் எல்லோரும் நன்றாகப் படிக்கிறீர்கள்' என்று பெரிதாக எழுதினாள். ரெட்டைச்சடையைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி படிக்கச் சொன்னாள்.

ரெட்டைச்சடை பலகையை வெகுநேரம் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"படிக்கத் தெரியாது மிஸ்."

"போதும்மா, அந்த அம்மா போயாச்சு. இனிமே தெரியாத மாதிரி இருக்கவேணாம்" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

"அவங்களுக்காக இல்ல மிஸ்" என்றாள் ரெட்டைச்சடை, பொறுமையாக. "திங்கட்கிழமை அடுத்த பயிற்சி மிஸ் வர்றாங்க. அவங்க சொல்லிக்குடுக்கிற வரைக்கும் எங்க யாருக்கும் படிக்கத் தெரியாது."