கூரைக்குக் கீழே ஒரு பெண்

கேட்டி, டெக்சாஸ்
பிப்ரவரி 1998

அன்புள்ள தம்பி நஞ்சுண்டனுக்கு அக்கா பவளம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். அவர் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். நீயும் சாந்தாமணியும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கிரீன் கார்டு வந்ததும் பக்கத்து வீட்டுச் சீனாக்காரி லின், தான் வேலை பார்க்கும் டேகேரில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், எனக்கும் இடம் இருப்பதாகச் சொன்னாள். கார் ஓட்டத் தெரிந்தால் போதுமாம். உன் மச்சானோ, "உனக்கெதுக்கு புள்ள டிரைவிங்? ஃப்ரீவேயில பறக்கற வண்டியப் பாத்தா நானே சாமியக் கும்புட்டுட்டுத்தான் ஏறறேன்" என்றார். இந்த நேரம் பார்த்து லின் தன் புது வருசத்துக்கு ஒரு சிவப்புத் தாள் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கே எழுத்து, நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடச் சற்றுக் குறைவு. 'ஆன் ஜூ லெ யெ' என்று வாசிக்க வேண்டும். முதல் எழுத்தில் மேலே கூரை, கீழே ஒரு பெண், இரண்டும் சேர்ந்தால் நிம்மதி என்றாள். உன் மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா, சீனாக்காரனே எழுதி வெச்சுட்டான்" என்று கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் முதல் எழுத்தை மட்டும் விளக்குகிறார்.

"கார்லயும் மேல கூரைதானுங்களே, அடியில நான் உக்காந்தா நிம்மதி வராதுங்களா?" என்றேன்.

மீதியை லின்னிடம் நானே கேட்டேன். இரண்டாவது, குடியிருப்பது. மூன்றாவது, மரத்தில் நரம்பு கட்டிய வாத்தியம், அதனால் மகிழ்ச்சி. நான்காவது, மணிகளைத் தொங்கவிடும் பல் வைத்த பலகையாக இருந்ததாம்; இப்போது அதற்கு வேலை என்று பொருள். நிம்மதியாகக் குடியிருந்து, செய்கிற வேலையில் மகிழ்ந்திருப்பது, அவ்வளவுதான்.

"ஏனுங்க, வேலைன்னும் எழுதியிருக்குதுங்களே?" என்று உன் மச்சானிடம் கேட்டேன்.

"மொத எழுத்து உனக்கு, கடைசி எழுத்து எனக்கு."

"அப்ப நடுவுல இருக்கிற சந்தோசம் ஆருக்குங்க?"

மனுசன் துணி எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தைத் துடைக்கப் போய்விட்டார். டேகேரில் அடுத்த மாதம்வரைதான் இடத்தை வைத்திருப்பார்கள். நீ தூரத்தில் இருப்பதால் உன் பேச்சுக்கு அவரிடம் மதிப்பு உண்டு. என்னை ஓட்ட விடச் சொல்லி ஒரு கடிதம் போடு.

சாந்தாமணி சமையலையும் தாங்கி நீ நூறு வயது இருக்க ஆசீர்வாதம்.

உன் அக்கா,
பவளம்

பி.கு.: ஸ்டாம்பு ஒட்ட மறந்து கடிதம் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்துவிட்டது. அதற்குள் லின்னே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டாள். திட்டியதெல்லாம் சீனத்தில் என்பதால் வருத்தமில்லை. லைசென்ஸ் வந்தது, வேலையும் கிடைத்தது. உன் மச்சான் குதிப்பார் என்று பார்த்தால், "நீதான் நல்லா ஓட்டறயே புள்ள" என்று மளிகைக் கடைக்கும், ஏர்போர்ட்டில் தன் சிநேகிதர்களைக் கூட்டிவரவும் என்னையே துரத்துகிறார். ஆகவே தம்பி, பெண்கள் கார் ஓட்டுவது குடும்பத்துக்கு ஆகாது என்று அவருக்கு உடனே எழுது. டேகேர் போய்வர மட்டும் விலக்குக் கொடு.